பாலம் ஆய்வும் பிரைமவேரா அட்டவணையும்: சிவில் இறுதியாண்டு புராஜெக்ட் செய்வோருக்குச் சில குறிப்புகள்

சிவில் இறுதியாண்டில் பாலத்தைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் போகிறார்கள். ட்ரோன் படங்களிலிருந்து விரிசல் கண்டுபிடிப்பது ஒன்று. ஒரு பாலத்தின் கட்டுமான அட்டவணையை பிரைமவேரா, எம்.எஸ். புராஜெக்ட் போன்ற அட்டவணை மென்பொருளில் போடுவது இன்னொன்று. மென்பொருள் கற்பது இதில் சுலபமான பகுதி, சில வாரங்களில் கை பழகிவிடும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) திணறுவது வேறு இடத்தில்: "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கும்போது. திரையில் இருக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் பாலத்தில் ஒரு இடத்தையோ, சைட்டில் நடக்கும் ஒரு வேலையையோ காட்ட முடிய வேண்டும். அதற்கு எப்படித் தயாராவது என்பதுதான் இங்கே.

எண் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2022 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் இடிந்த ஃபெர்ன் ஹாலோ பாலத்தைப் படியுங்கள். அது ஆய்வே நடக்காத பாலம் அல்ல. வடிகால் அடைத்துக்கொண்டதையும் இரும்புக் கால்களில் துரு அரித்ததையும் ஆய்வறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டே இருந்தன. அதன்படி பராமரிப்பு நடக்கவில்லை. விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. சுமை மதிப்பீட்டுக் கணக்கில் மேல்தளத் தாரின் கனம் உண்மையைவிடக் குறைவாகப் போடப்பட்டிருந்தது. அரித்துப்போன கால்களின் பலக்குறைவும் சரியாகக் கணக்கில் வரவில்லை. மென்பொருள் கொடுத்ததைச் சரியாகத்தான் கூட்டிப் பெருக்கியது. கொடுத்த எண்தான் பிசகு.

நம்மூர்ப் பாலத்தில் இதைப் போட்டுப் பாருங்கள். வரைபடத்தில் வேரிங் கோட் (மேல்தளத் தார் அடுக்கு) 65 மி.மீ. சாலையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டதில் அது 140 மி.மீ ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 75 மி.மீ. கன மீட்டருக்கு 22 கிலோநியூட்டன் என்று எடுத்தால் சதுர மீட்டருக்கு 1.65 கிலோநியூட்டன். 7.5 மீ அகலச் சாலைக்கு, நீள மீட்டருக்கு 12.4 கிலோநியூட்டன். 30 மீ ஸ்பானில் (இரு தாங்கிகளுக்கு இடைப்பட்ட பகுதி) நடுவில் ஏறும் வளைக்கும் மொமென்ட் சுமார் 1,390 கிலோநியூட்டன் மீட்டர். நான்கு கர்டருக்குச் (தளத்தைத் தாங்கும் நீளவாட்டு உத்தரம்) சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 348. ஸ்டாட் ப்ரோ என்ற கட்டமைப்புக் கணக்கீட்டு மென்பொருளில் மாடல் போடும் முன், கெர்ப் (சாலையோர விளிம்புத் திட்டு) எவ்வளவு உயரம் மிச்சம் இருக்கிறது என்று டேப்பில் அளந்து வரைபடத்தோடு ஒப்பிட்டால் இது பிடிபட்டுவிடும். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல் வரைபடத்து 65-ஐ அப்படியே போடுபவர்கள்தான் அதிகம்.

முதலில் எக்ஸெல் தாள்

விரிசலைத் தேடும் முன் பாலத்துக்குப் பெயர் வையுங்கள். செயினேஜ் (சாலையின் தூர அளவு) ஏறும் திசையில் நின்று பார்த்து, முதல் அபட்மென்ட் (பாலத்தின் முனைத் தாங்கி) ஏ1, பிறகு பி1, பி2 என்று பியர்கள் (நடுத் தூண்கள்), கடைசியில் ஏ2. கர்டர்கள் அதே திசையில் நின்றபடி இடமிருந்து ஜி1, ஜி2. குழுவில் இரண்டு பேர் இரு முனையிலிருந்து தொடங்கினால் ஒருவருடைய ஜி1 இன்னொருவருடைய ஜி4 ஆகிவிடும். படங்கள் எல்லாம் கலந்த பிறகு இதைப் பிரித்தெடுக்க வழியே இல்லை. போகும் முதல் நாளே பியரில் சாக்பீஸால் எண் எழுதி, ஒவ்வொரு ஸ்பானிலும் முதல் படமாக அந்த எண்ணையே எடுத்துவிடுங்கள்.

ஒரு குறைபாட்டுக்கு ஒரு வரி. ஸ்பான், உறுப்பு, எந்த முகம், தாங்கியிலிருந்து எத்தனை மீட்டர், குறைபாட்டின் வகை, நீளம், அகலம், படத்தின் எண், தேதி, அளந்த நேரத்து வெப்பநிலை. வெப்பநிலை ஏன் என்று கேட்பார்கள்: டெக் (பாலத்தின் மேல்தளம்) காலையிலும் பிற்பகலிலும் ஒரே நீளத்தில் இருப்பதில்லை, விரிசலும் அதோடு சேர்ந்து திறந்து மூடும். ஆறு மாதம் கழித்து அளந்து "0.05 மி.மீ கூடியிருக்கிறது" என்று எழுதினால், அது வளர்ச்சியா வெயிலா என்று சொல்ல இந்த ஒரு நெடுவரிசை வேண்டும்.

எக்ஸெலில் இரண்டு கண்ணிகள் உண்டு. மூன்றாம் பியருக்கும் நான்காம் பியருக்கும் இடைப்பட்ட ஸ்பானை 3-4 என்று தட்டினால் அது ஏப்ரல் 3 என்றோ மார்ச் 4 என்றோ தேதியாக மாறிவிடும். அந்த நெடுவரிசையை முன்கூட்டியே டெக்ஸ்ட் ஆக்குங்கள், அல்லது பி3பி4 என்று எழுதுங்கள். இரண்டாவது, தேதி வடிவம். ஒருவர் கணினியில் நாள் முதலில், இன்னொருவர் கணினியில் மாதம் முதலில் இருந்தால் 03/11 எது என்று யாருக்கும் தெரியாது.

குறைபாடுகளை வகைப்படுத்த இந்திய சாலைகள் காங்கிரஸின் பால ஆய்வு வழிகாட்டியான ஐ.ஆர்.சி எஸ்.பி 35-ஐக் கையில் வைத்திருங்கள். வழக்கமான ஆய்வு, முதன்மை ஆய்வு, சிறப்பு ஆய்வு மூன்றுக்கும் வேறுபாடு கேட்காத வைவா அரிது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2016-ல் தொடங்கிய ஐ.பி.எம்.எஸ் என்ற பாலங்களின் தரவுத்தளம் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். அதில் பதிவான 1.72 லட்சம் கட்டமைப்புகளில் 1.34 லட்சம் கல்வெர்ட்கள்தான். 6 மீட்டர் வரை கல்வெர்ட், 60 மீட்டர் வரை சிறு பாலம், அதற்கு மேல் பெரும்பாலம். இந்தக் கணக்கு தெரியாமல் "இந்தியாவில் 1.72 லட்சம் பாலங்கள்" என்று முன்னுரையில் எழுதிவிடுகிறார்கள்.

படத்தில் எவ்வளவு தெரியும்?

ட்ரோன் புராஜெக்டின் உயிர் ஒரே ஒரு வாய்ப்பாட்டில் இருக்கிறது. ஒரு பிக்ஸல் பாலத்தில் எத்தனை மி.மீ என்பது, சென்சாரில் ஒரு பிக்ஸலின் அளவைத் தூரத்தால் பெருக்கி லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வரும். 1 அங்குல சென்சார், 20 மெகாபிக்ஸல், 8.8 மி.மீ லென்ஸ் என்றால் ஒரு பிக்ஸல் 2.4 மைக்ரான். 5 மீ தள்ளி நின்றால் ஒரு பிக்ஸலுக்கு சுமார் 1.4 மி.மீ; 1 மீட்டரில் நின்றாலும் 0.27 மி.மீ. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ் 456 பொதுவாக அனுமதிக்கும் விரிசல் அகலமே 0.3 மி.மீ, ஈரத்தில் இருக்கும் உறுப்புக்கு 0.2, கடுமையான சூழலில் 0.1. அகலத்தை நம்பி அளக்க குறைந்தது மூன்று பிக்ஸலாவது வேண்டும் என்றால், 0.3 மி.மீ விரிசலுக்கு அந்த ட்ரோன் கர்டரிலிருந்து 40 செ.மீ-க்கும் குறைவான தூரத்தில் பறக்க வேண்டும். பாலத்துக்கு அடியில் ஜி.பி.எஸ் சிக்னல் அறுந்து, காற்று சுழன்று அடிக்கும் இடத்தில் அது நடக்காது.

ஒரு பிக்ஸலைவிட மெல்லிய விரிசலும் படத்தில் மங்கிய கோடாகத் தெரியலாம் என்பது உண்மை. தெரிவது வேறு, அளப்பது வேறு. ஆகவே ட்ரோனை "எங்கே கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்" என்று சொல்லும் கருவியாக வைத்துக்கொண்டு, அகலத்தை விரிசல் அட்டையாலோ சிறு நுண்ணோக்கியாலோ அளந்தேன் என்று எழுதுங்கள். தேர்வாளர் இதை மதிப்பார். ட்ரோன் படத்திலிருந்தே 0.12 மி.மீ அளந்ததாக எழுதினால் அடுத்த கேள்வி என்ன லென்ஸ், எத்தனை மீட்டர் என்பதாகத்தான் இருக்கும்.

முப்பரிமாண மாடல் வேண்டுமானால் அடுத்தடுத்த படங்கள் முன்னோக்கி 80 சதவீதமும் பக்கவாட்டில் 60 முதல் 70 சதவீதமும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். வழவழப்பான ஒரே நிறக் கான்கிரீட்டில் மென்பொருளுக்குப் பிடிமானப் புள்ளி கிடைக்காமல் மாடல் கிழிந்துபோகும். சாக்பீஸ் குறிகளும் ஒட்டிய அளவு அட்டைகளும் அங்கே கைகொடுக்கும். பறக்கும் முன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலமா என்று பார்த்து, பாலத்துக்குப் பொறுப்பான துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ரயில் பாலம் என்றால் அனுமதி இல்லாமல் கிட்டவே போக வேண்டாம்.

விரிசலைத் தானாகக் கண்டுபிடிக்கும் மாடல் பயிற்றுவிப்பவர்கள் அதிகம் எடுப்பது எஸ்.டி.நெட் 2018 தரவுத்தொகுப்பு. அதில் 56,000-க்கும் மேற்பட்ட சிறு படங்கள். விரிசல் உள்ளவை அவற்றில் 15 சதவீதம்தான். எல்லாவற்றுக்கும் "விரிசல் இல்லை" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாடலுக்கும் 85 சதவீதத் துல்லியம் வந்துவிடும்! அக்யுரசி மட்டும் போட்ட அறிக்கை அதனால்தான் நிற்காது. இருந்த விரிசல்களில் எத்தனையைப் பிடித்தது, பிடித்ததாகச் சொன்னவற்றில் எத்தனை நிஜம் என்று ரீகால், பிரிசிஷன் இரண்டையும் தனித்தனியே கொடுங்கள். பால ஆய்வில் ரீகால்தான் முக்கியம்: ஷட்டர் (வார்ப்புப் பலகை) பதிந்த கோட்டை விரிசல் என்று சொன்னால் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவார், விட்டுப்போன விரிசலை யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள். ஒரே பெரிய படத்திலிருந்து வெட்டிய துண்டுகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்திருந்தால் வரும் 98 சதவீதத்துக்கும் அர்த்தமில்லை. பாலம் வாரியாகப் பிரியுங்கள்.

படம் இருந்தால் ஆய்வு முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். 2007 ஆகஸ்ட் 1 அன்று மினியாபொலிஸில் ஐ-35 டபிள்யூ பாலம் விழுந்து 13 பேர் இறந்தார்கள். இணைப்புத் தகடுகள் வடிவமைப்பிலேயே மெல்லியவை. அவை வளைந்திருந்தது 1999, 2003 ஆண்டுகளில் எடுத்த படங்களில் தெரிந்தது. விபத்துக்குப் பிறகுதான் அதற்குப் பொருள் கிடைத்தது.

அழிக்காத சோதனைகளில் கம்பி துருப்பிடிக்கும் வாய்ப்பை மின்னழுத்தத்தால் அறியும் ஹாஃப்-செல் அளவீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறோம், ஏனென்றால் அதன் வண்ண வரைபடம் அழகாக வந்து ஏமாற்றும். தாமிர சல்பேட் மின்முனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் துருவுக்கு 90 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு. மைனஸ் 200-ஐவிடப் பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் துரு இல்லாமைக்கு அதே அளவு வாய்ப்பு. இடையில் உறுதியாகச் சொல்ல முடியாது. மென்பொருள் அளக்காத இடத்தையும் வண்ணத்தால் நிரப்பிவிடும், எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டைத் (டெக் விரிய விட்ட இடைவெளி) தாண்டியும் கோடு இழுக்கும். அங்கே கம்பியே தொடர்ச்சியாக இல்லை. ஸ்பான் வாரியாகத் தனி வரைபடம் போட்டு, அளந்த புள்ளிகளை மேலே தெரியும்படி வையுங்கள்.

அட்டவணை போடும்போது

பிரைமவேராவில் காலண்டர்தான் முதல் பிரச்சினை. ஞாயிறு விடுமுறையுள்ள ஆறு நாள் காலண்டரில் 28 நாள் கியூரிங்கைப் (கான்கிரீட் இறுகும் காலம்) போட்டால் அது 32 நாளாக நீளும். கான்கிரீட்டுக்கு ஞாயிறு கிடையாது. கியூரிங்குக்கு ஏழு நாள் காலண்டர் தனியே வையுங்கள். அதை லேகாகக் (இரு வேலைகளுக்கு இடையே காத்திருப்பு) கொடுத்தால், ஷெட்யூல் ஆப்ஷனில் லேக் எந்தக் காலண்டரில் ஓடுகிறது என்று பாருங்கள். எம்.எஸ். புராஜெக்டில் கால அளவை இலாப்ஸ்ட் (விடுமுறையும் சேர்ந்த) நாட்களாகக் கொடுத்தால் போதும்.

ஆற்றுக்குள் செய்யும் வேலைக்கு இன்னொரு காலண்டர். காவிரி டெல்டா என்றால் மேட்டூர் வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. பைல் (தரைக்குள் இறங்கும் அடித்தளத் தூண்), அதன் மேலே பைல் கேப், பியரின் அடிப்பகுதி எல்லாம் அணை மூடியிருக்கும் அந்த நாலரை மாதத்துக்குள் தண்ணீர் மட்டத்தைத் தாண்டிவிட வேண்டும். கர்டர் வார்க்கும் யார்டுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரே காலண்டரை எல்லாவற்றுக்கும் போட்டால் யார்டும் சேர்ந்து ஏழரை மாதம் தூங்கும்.

கர்டர் வார்ப்பைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். ஐந்து ஸ்பான், ஸ்பானுக்கு நான்கு, மொத்தம் 20 பி.எஸ்.சி (முன்தகைவுக் கான்கிரீட்) கர்டர். ஒரு பெட்டில் (வார்ப்பு மேடை) கம்பியும் டக்ட்டும் (கேபிள் செல்லும் குழாய்) 4 நாள், ஷட்டர் 2, கான்கிரீட் 1, ஷட்டர் பிரிக்க 1, முதல் கட்ட ஸ்ட்ரெஸ்ஸிங் (கேபிளை இழுத்து இறுக்குவது) வரை 5, தூக்கி நகர்த்த 1, ஆக 14. இரண்டு பெட் இருந்தால் பத்துச் சுற்று, 140 நாள். மூன்றாவது பெட் போட்டால் ஏழு சுற்று, 98 நாள். நான்காவது போட்டால் 70 என்று பேப்பரில் வரும். ஆனால் ஷட்டர் செட் ஒன்றுதான் என்றால், அது ஒவ்வொரு கர்டரிலும் 4 நாள் மாட்டிக்கொள்கிறது. 20 கர்டருக்கு 80 நாளுக்குக் கீழே இறங்கவே முடியாது. நான்காவது பெட்டுக்குச் செலவழிப்பதா, இரண்டாவது ஷட்டர் செட்டுக்கா, கம்பிக்கூட்டை வெளியே கட்டித் தூக்கி வைப்பதா? இந்த ஒப்பீட்டை அத்தியாயமாக எழுதினாலே புராஜெக்டுக்கு எடை வந்துவிடும். ஷட்டரை ரிசோர்ஸாகக் கொடுத்து லெவலிங் செய்யாத வரை மென்பொருள் 70 என்றே சொல்லும்.

எஃப்9 அழுத்தி அட்டவணையைக் கணக்கிட்ட பின் லாகைத் திறந்து படியுங்கள். முன்னோடி இல்லாத வேலை ஒன்றும், பின்தொடர்வது இல்லாத வேலை ஒன்றும்தான் இருக்கலாம்: தொடக்கமும் முடிவும். மற்றது எல்லாம் தொங்கல். தொங்கும் வேலைக்குக் காட்டும் ஃப்ளோட் (முடிவைப் பாதிக்காமல் தாமதிக்கக்கூடிய நாட்கள்) பொய். முடிவுத் தேதி சரியாக வர வேண்டுமென்று மேண்டேட்டரி ஃபினிஷ் போட்டுப் பூட்டுவது அடுத்த பழக்கம். லாஜிக்கை மீறித் தேதியை நிறுத்திவிடும், தாமதம் எங்கே என்று தெரியாது. பேஸ்லைனைச் (முதலில் போட்ட திட்டம்) சேமிக்காமல் அப்டேட் செய்வதும், டேட்டா டேட்டை (நிலவரத் தேதி) நகர்த்தாமல் சதவீதம் மட்டும் ஏற்றுவதும் அடிக்கடி நடப்பவை.

ஏர்ன்ட் வேல்யூவை (முடிந்த வேலையைப் பணமதிப்பில் அளப்பது) ஒரு முறையாவது கையால் போடுங்கள். 12 கோடி வேலை. ஆறாம் மாதத் திட்டம் 6 கோடி, முடிந்த வேலையின் மதிப்பு 4.8, செலவு 5.4. எஸ்.பி.ஐ (முடிந்தது ÷ திட்டம்) 0.80, சி.பி.ஐ (முடிந்தது ÷ செலவு) 0.89, இதே போக்கில் போனால் முடிக்க ஆகும் மொத்தம் 13.5 கோடி. உடனே வரும் கேள்வி: எஸ்.பி.ஐ 1.05 இருந்தும் பாலம் தாமதமாகலாமா? ஆகலாம். பணமதிப்பு கூடிய கர்டர்கள் யார்டில் முன்கூட்டியே வார்த்து அடுக்கப்பட்டிருக்கும், பி3-இன் பைல் பாறையில் நின்றிருக்கும். எஸ்.பி.ஐ பணத்தை எண்ணுகிறது, கிரிட்டிக்கல் பாதையை (முடிவுத் தேதியைத் தீர்மானிக்கும் வேலைச் சங்கிலி) அல்ல. தாமதமாக முடிந்த வேலையிலும் கடைசியில் அது 1-க்கே திரும்பிவிடும். ஆகவே எஸ்.பி.ஐ-யைக் காட்டும் ஸ்லைடிலேயே கிரிட்டிக்கல் பாதையின் டோட்டல் ஃப்ளோட் போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு என்பதையும் பக்கத்தில் போடுங்கள்.

வைவாவுக்கு லேப்டாப்பில் மூலக் கோப்பைத் திறந்தே வைத்திருங்கள், பிடிஎஃப் மட்டும் போதாது. "பி2 பியர் கேப்பை ஐந்து நாள் தள்ளிப் போடு, என்ன ஆகிறது பார்ப்போம்" என்று கேட்டால் அங்கேயே செய்து காட்ட வேண்டியிருக்கும்.