கிளாட் தேர்வும் என் நோட்டின் மூன்றாவது கட்டமும்

சட்டம் படிக்க எழுதும் கிளாட் நுழைவுத் தேர்வில் முதல் தடவை எனக்குக் கிடைத்தது 44.75. நூற்றைம்பதுக்கு. "அதென்ன முக்கால்?" என்று அப்பா கேட்டார். தப்பாகப் போட்ட ஒவ்வொரு கேள்விக்கும் கால் மார்க் பிடிப்பார்கள் என்றேன். "போடாம விட்டா?" "பிடிக்க மாட்டாங்க." கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப விட்டிருக்கலாமே பாப்பா." எனக்கு அன்றைக்கு வந்த எரிச்சலில் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

எங்களுக்குச் சீர்காழி பக்கம் ஒரு கிராமம். ஒன்பது மா குத்தகை, அதாவது மூன்று ஏக்கர். தாத்தா காலத்தில் வாய்வார்த்தையாகப் பேசியது. சீட்டு, பத்திரம் ஒன்றும் கிடையாது. அடங்கல் என்கிற பயிர்ப் பதிவேடு நிலக்காரர் பெயரில் இருக்கும். பயிர் அழிந்து நிவாரணம் வந்தால் அது யார் கணக்குக்குப் போகும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பற்றிக் கேட்கத்தான் அப்பா ஒருநாள் ஒரு வக்கீல் ஆபீசுக்குப் போனார், துணைக்கு நான். வழக்கு எதுவும் போடவில்லை. ஆனால் அங்கே ஜூனியராக இருந்த அக்கா, நான் பிளஸ் டூ என்று தெரிந்ததும், "லா படிக்கிறியா? கிளாட் எழுதேன்" என்றார்.

மறுநாள் பள்ளியில் கேட்டால், "அது எம்பிஏவுக்கு எழுதுறதுல்ல?" என்றார் சார். எங்கள் பக்கம் எந்தத் தெருவிலும் நீட் போர்டு தொங்கும். கிளாட்டுக்கு ஒன்றும் கிடையாது. அக்காதான் உட்கார வைத்துச் சொன்னார். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்து வருடப் படிப்புக்கு பிளஸ் டூ மார்க்கை வைத்தே இடம் கொடுப்பார்கள். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நுழைவுத் தேர்வு வேண்டும். 2008-இல் ஏழு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஆரம்பித்தது. நம் பக்கத்துப் பல்கலைக்கழகம் திருச்சியில், நவலூர் குட்டப்பட்டில் இருக்கிறது. தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். விண்ணப்பத்துக்கு 4,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 3,500. இதில் எதைக் கேட்டு நான் அதிகம் பயந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. நான் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ் வழி.

பாடத்திட்டம் என்று மனப்பாடம் செய்ய ஒன்றும் இல்லை என்பது அடுத்த அதிர்ச்சி. 2020-க்கான தேர்விலிருந்து எல்லாமே பத்தி படித்துப் பதில் சொல்வதுதான். நானூற்றைம்பது வார்த்தை அளவில் ஒரு பத்தி, அதன் கீழே நான்கைந்து கேள்விகள். ஆங்கிலம், நடப்பு நிகழ்வு, சட்டம், தர்க்கம், கொஞ்சம் கணக்கு என்று ஐந்து பகுதி. சட்டம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை, பத்தியிலேயே விதியைக் கொடுத்துவிடுவார்கள் என்றார் அக்கா. சுலபம் என்று நினைத்தேன்.

2022 நவம்பர் 11-ஆம் தேதி சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தேர்வுக்கு ஐந்து வாரம். வாய்க்கால் எது, வயல் எது, தெரு எது என்று தெரியவில்லை. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பரணில் ஏற்றியதெல்லாம் அரிசியும் துணியும்தான். என் பை கீழேயே கிடந்துவிட்டது. பிரவுசிங் சென்டரில் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கொடுத்து அச்செடுத்த பழைய வினாத்தாள்களைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தோம். மை கரைந்து, சில தாள்களில் கேள்வி போய் விடை மட்டும் மிச்சம் இருந்தது. தம்பி அதை எடுத்துப் பார்த்து, "அக்கா, இதான் உனக்கு நல்ல பேப்பர்" என்றான். பல நாள் கரண்ட் இல்லை. சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் ரேஷன் கார்டுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். அதில் முந்நூறை அம்மா என்னிடம் தந்து திரும்ப அச்செடுத்துக்கொள்ளச் சொன்னார். நட்ட சம்பா மூழ்கிக் கிடந்தபோது கொடுத்த முந்நூறு அது.

டிசம்பர் 18, ஞாயிறு. பள்ளியில் அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. விடியற்காலை பஸ் பிடித்து, மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று வந்து திருச்சியில் இறங்கும்போதே எனக்குத் தலை சுற்றல். மதியம் இரண்டு மணிக்குத் தேர்வு. 150 கேள்வி, 120 நிமிடம். கேள்விக்கு 48 விநாடி என்று பஸ்ஸிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பத்தி படிக்கும் நேரத்தை அதில் சேர்க்க மறந்துவிட்டேன். கடைசி இருபது நிமிடத்தில் விடைத்தாளில் நாற்பது வட்டங்களை, படிக்காமல், கோலப் புள்ளி வைக்கிற மாதிரி நிரப்பினேன். மொத்தம் 131 கேள்விக்குப் பதில். 62 சரி, 69 தப்பு. அந்த 69-ஐக் காலால் பெருக்கினால் 17.25. அப்பா கேட்ட முக்கால் அங்கிருந்து வந்தது.

பிளஸ் டூ முடிந்ததும் திருச்சி அரசு சட்டக் கல்லூரிக்குப் போட்டால் கிடைத்திருக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு வருஷம் சும்மா இருக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது அத்தை சொன்னது இங்கே எழுதும்படியாக இல்லை. சும்மா இருக்கவில்லை, ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தேன். காலை ஒன்பதரையிலிருந்து மதியம் இரண்டரை வரை. சம்பளம் 4,500. அதன்பிறகு நேரே கிளை நூலகம். ஆங்கிலப் பேப்பரை அங்கே என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை என்பதால் சண்டை இல்லை. முதல் வாரம் ஒரு தலையங்கம் படிக்க எனக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆனது, கைப்பேசி அகராதியோடு. ஆகஸ்ட் வாக்கில் அதே நீளத்துக்கு நான்கு நிமிடம். இடையில் நடந்தது தினமும் ஒரு தலையங்கம், அவ்வளவுதான். வார்த்தைப் பட்டியல் எழுதிப் பார்த்தேன், எனக்கு ஒட்டவில்லை, அதை விட்டுவிட்டேன். கணக்குக்கு பத்தாம் வகுப்புப் புத்தகம் போதும். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று மூட்டையைத் திருப்பி அனுப்புவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு சதவீதக் கணக்கு ஒரு பிரச்சினையே இல்லை.

உண்மையான அடி வேறு இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. மாதிரித் தேர்வுகளில் சட்டப் பகுதியில்தான் எனக்குக் குறைவாக வந்தது. நான் ரொம்ப ஆசைப்பட்ட பகுதி அது. அக்கா ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு தப்பையும் ஏன் தப்பாச்சு என்று எழுதச் சொன்னார். இரண்டு கட்டம் போட்டேன்: தெரியாதது, அவசரம். நிறையத் தப்புகள் இரண்டிலும் அடங்கவில்லை.

ஒரு கேள்வி மட்டும் சொல்கிறேன். பத்தியில் கொடுத்த விதி: பதிவேட்டில் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே இழப்பீடு, வாய்மொழி ஒப்பந்தம் கணக்கில் வராது. அதன் கீழ் ஒரு கதை. ஒருவர் இன்னொருவர் நிலத்தில் இருபது வருடமாக வாய்மொழிக் குத்தகையில் பயிர் செய்கிறார், வெள்ளத்தில் பயிர் போகிறது, இழப்பீடு யாருக்கு? நான் பயிர் செய்தவருக்கு என்று போட்டேன். தப்பு. விடை பார்த்தபிறகும் மனசு ஒப்பவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே தாளைத் திரும்பப் போட்டேன். திரும்பவும் பயிர் செய்தவருக்கே.

அக்கா சிரித்துவிட்டார். "நீ ஜட்ஜும் இல்ல, உங்கப்பாவுக்கு வக்கீலும் இல்ல. பரீட்சை எழுதுற பொண்ணு. பத்தியில என்ன விதி சொல்லியிருக்கான், அதுக்கு மட்டும் பதில் போடு. அந்த விதி சரியா தப்பான்னு காலேஜ் போய் அஞ்சு வருஷம் சண்டை போட்டுக்கோ."

நோட்டில் மூன்றாவது கட்டம் போட்டு, ‘என் நியாயம்’ என்று தலைப்பு எழுதினேன். அந்த மாதம் செய்த தப்புகளைப் பிரித்து எழுதியபோது 41-இல் 19 அந்தக் கட்டத்தில் விழுந்தன. அதற்கப்புறம் சட்டப் பத்தி வந்தால் விதியை மட்டும் அடிக்கோடிட்டு, ஓரத்தில் என் வார்த்தையில் தமிழில் ஒரு வரி எழுதிக்கொள்வேன். "பேர் இருந்தா பணம்." அவ்வளவுதான். கதையில் யார் ஏழை, யார் பணக்காரர் என்று பார்ப்பதை நிறுத்துவதற்கு எனக்கு மூன்று மாதம் ஆனது. அக்டோபரில் ஒரு தேர்வில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது.

அந்த 2023 வருஷம் எப்படி இருந்தது என்றும் சொல்ல வேண்டும். ஜூன் 12 வழக்கப்படி மேட்டூர் திறந்தார்கள். ஆகஸ்டுக்குள் கடைமடையில் முறை வைத்து விட்ட தண்ணீர்கூட வந்து சேரவில்லை. குறுவை பல இடங்களில் கருகியது. அக்டோபர் 10-ஆம் தேதி அணையை மூடிவிட்டார்கள். இரவெல்லாம் எஞ்சின் ஓடும் சத்தத்தில்தான் நான் படித்தேன், டீசல் செலவை அப்பா காலண்டர் பின்னால் எழுதிக்கொண்டே வந்தார். அப்போது ஒரு மாதிரித் தேர்வில் நடப்பு நிகழ்வில் காவிரிப் பத்தி வந்தது. முழு மார்க் என்று துள்ளினேன். ஐந்தில் இரண்டுதான் சரி. 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் கர்நாடகம் தர வேண்டிய அளவு 192-லிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது தெரியும். மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆற்றுத் தகராறு அரசியலமைப்பின் எந்தப் பிரிவில் வருகிறது என்றால் தெரியாது. 262. நடுவர் மன்றம் அமைந்தது எந்தச் சட்டத்தின் கீழ்? 1956-ஆம் வருஷச் சட்டம். தண்ணீர் வரவில்லை என்று தெரிந்த எனக்கு, எந்தச் சட்டப்படி வந்திருக்க வேண்டும் என்று தெரியவில்லை. அதற்கப்புறம் எந்தச் செய்தியைப் படித்தாலும் அதன் பின்னால் இருக்கும் சட்டத்தையும் வருஷத்தையும் தேடி எழுதிவைத்தேன். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் யாருக்கும் தயங்காமல் சொல்வேன்.

நவம்பரில் ஒரு சறுக்கல். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்க, கடையில் அடங்கல், சிட்டா, ஆதார் என்று ஜெராக்ஸுக்கு வரிசை தெருவரை நின்றது. ராத்திரி எட்டு மணிவரை வேலை. 71-இல் இருந்த மாதிரித் தேர்வு மார்க் 58-க்கு இறங்கியது. புதுத் தேர்வு எழுதாதே, பழைய தப்பை மட்டும் திரும்பப் போடு என்றார் அக்கா. அப்படியே செய்தேன்.

இரண்டாவது தடவை கேள்விகளை 120 ஆகக் குறைத்திருந்தார்கள், நேரம் அதே இரண்டு மணி. டிசம்பர் 3 தேர்வு. மிக்ஜாம் புயல் சென்னைப் பக்கம் நெருங்கிக்கொண்டிருந்தது, ரயில்கள் பல ரத்து. நான் முதல் நாளே போய்த் திருவெறும்பூரில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டேன். சட்டப் பகுதியை முதலில் எடுத்தேன். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் அதற்கான வட்டங்களை அங்கேயே நிரப்பினேன். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒன்றைக்கூட வைக்கவில்லை. 16 கேள்விகளை விட்டேன். விடும்போது அப்பா குரல் காதில் கேட்டது என்று எழுதினால் சினிமா மாதிரி இருக்கும், ஆனால் கேட்டது. 81 சரி, 23 தப்பு. 75.25.

கலந்தாய்வுக்குப் பதிவு செய்யவே எங்கள் பிரிவுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. அம்மாவின் தோடும் மாட்டலும் கூட்டுறவு வங்கிக்குப் போயின. முதல் பட்டியலில் பெயர் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் திருச்சி வந்தது.

முதல் வருஷ விடுமுறையில் நூலகத்திலிருந்து இரண்டு சட்டங்களை நகலெடுத்து ஊருக்குக் கொண்டுபோனேன். ஒன்று 1955-ஆம் வருஷத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். குத்தகை ஒப்பந்தம் வெளிப்படையாக இருக்கலாம், நடப்பிலிருந்து புரிந்துகொள்வதாகவும் இருக்கலாம் என்று அதில் இருக்கிறது. இன்னொன்று குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கான 1969-ஆம் வருஷச் சட்டம். மூன்றாவது கட்டத்தில் நான் எழுதிவைத்ததில் பாதி, அறுபது எழுபது வருஷமாக அச்சில் கிடந்திருக்கிறது. விண்ணப்பத்தை நானே எழுதினேன். அப்பா பெயர், சர்வே எண், எத்தனை வருஷமாகச் சாகுபடி, எல்லாம் நிரப்பிக் கையெழுத்துக்கு நீட்டினேன்.

அப்பா பேனாவைத் திறந்து நிலக்காரர் பெயர் எழுதியிருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "அவருக்குத் தெரியுமா இது?"

"நோட்டீஸ் போகும்பா."

பேனாவை மூடிப் பையில் சொருகிக்கொண்டார். "நாத்து விட்டாச்சு. இந்தப் போகம் முடியட்டும் பாப்பா."

அதற்கப்புறம் இரண்டு போகம் முடிந்துவிட்டது. தாள் டிரங்குப் பெட்டியில், அந்த நோட்டுக்குள் இருக்கிறது.