ஆச்சியின் பாட்டுகளோடு தஞ்சாவூருக்கு

ஆச்சி தஞ்சாவூரைப் பார்த்ததே இல்லை. ஆனால் வாழ்நாள் முழுவதும் அவள் பாடியதெல்லாம் அந்த ஊர்க் கவிராயரின் கிறிஸ்தவக் கீர்த்தனைகள். வேதநாயக சாஸ்திரியாரின் பாட்டு ஒன்றாவது இல்லாமல் எங்கள் வீட்டு ராத்திரி ஜெபம் முடிந்ததாக எனக்கு நினைவில்லை. அவள் காலமானபின், அவளுக்காக ஒருமுறை அங்கே போய்வர வேண்டும் என்ற எண்ணம் மனத்தை விட்டு அகலவில்லை. இந்த ஜனவரியில் திருநெல்வேலியிலிருந்து மதுரை, திருச்சி வழியாகப் பஸ்ஸில் கிளம்பினேன்.

எங்களுடையது மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில், தேரிக்காட்டை ஒட்டிய சிற்றூர். அங்கே ஆச்சிக்குச் சபையில் பதவி எதுவும் கிடையாது. பாடகர் குழுவிலும் அவள் இருந்ததில்லை. ஆனால் துக்க வீடு என்றால் முதலில் அவளுக்குத்தான் ஆள் வரும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், தலைமாட்டில் உட்கார்ந்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் பல்லவியை எடுப்பாள். அழுதுகொண்டிருக்கும் பெண்கள் ஒவ்வொருவராக அதில் வந்து சேர்ந்துகொள்வார்கள். விடியும்வரை பாட்டு ஓடும். கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். செஞ்சுருட்டி, ஆதி என்றெல்லாம் ஆச்சிக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் தொடையில் விழும் அவள் கைத்தாளம் ஒருநாளும் பிசகியதில்லை.

அவள் இறந்த இரவில் ஒரு சங்கடம் நேர்ந்தது. பாட்டை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. புத்தகங்கள் விரித்தபடி இருக்க, பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பல்லவியை எடுத்தது பக்கத்து வீட்டுப் பெரியம்மா. அவர் முத்தாரம்மன் கோவிலுக்குப் போகிறவர். மதில் தாண்டி வந்த பாட்டை இத்தனை வருடமும் கேட்டே மனப்பாடம் செய்திருந்தார். ஆச்சியின் விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கத்தில் எவ்வளவோ சொன்னார்கள். எனக்கு அந்தப் பெரியம்மாவின் குரல் போதுமானதாக இருந்தது.

தஞ்சாவூரில் நேராகச் சிவகங்கைப் பூங்காவுக்குப் போனேன். பெரிய கோவிலுக்கு அடுத்தே இருக்கிறது. அதற்குள் 1779-இல் கட்டிய ஷ்வார்ட்ஸ் தேவாலயம். பூட்டியிருந்தது. காவலர் ஒருவர் சாவி கொண்டுவந்து திறந்துவிட்டார். உள்ளே ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குச் சிற்பத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். மரணப் படுக்கையில் ஜெர்மன் மிஷனரியான ஷ்வார்ட்ஸ் ஐயர். அவர் கையைப் பற்றியபடி தஞ்சை மன்னர் சரபோஜி. தலைமாட்டில் இன்னொரு மிஷனரியான கெரிக்கே. ஷ்வார்ட்ஸ் இறந்தது 1798-இல். தன்னை வளர்த்தவருக்காக மன்னர் செய்வித்த நினைவுச் சின்னம் இது. அரசர் கிறிஸ்தவர் ஆகவில்லை. ஆனாலும் அந்தக் கையை விடவில்லை. எனக்கு எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் நினைவு வந்தது.

சாஸ்திரியாரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தவரைச் சிறுவயதிலேயே ஷ்வார்ட்ஸ் தஞ்சைக்கு அழைத்துவந்தார். சரபோஜியும் அவரும் அந்த ஐயரிடம் ஒன்றாகப் படித்தவர்கள். குறவஞ்சி, நாடகம் என்று ஊர் அறிந்த வடிவங்களிலேயே கிறிஸ்தவ வேதத்தைப் பாடினார். அவர் உயிரோடிருக்கும்போதே, 1853-இல், அமெரிக்கன் மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். பாமாலை என்ற ஞானப்பாட்டுப் புத்தகத்தின் மேல்நாட்டு மெட்டுகளோடு கீர்த்தனைகளும் ஆராதனையில் நிலைத்தன. 'இயேசுவையே துதிசெய் நீ மனமே' பிறந்த கதையை ஆச்சி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொல்வாள். அரசர் தம் தெய்வத்தைப் பாடச் சொன்னாராம்; இரவெல்லாம் கலங்கிய கவிராயர் காலையில் இந்தப் பாட்டோடு அரசவைக்குப் போனாராம். "ராஜா கோபப்படவில்லையா, ஆச்சி?" என்று கேட்டால், "சிநேகிதன் அல்லவா, புரிந்துகொண்டிருப்பார்" என்பாள்.

"யாரும் இல்லை ஐயா, பாடுவதானால் பாடுங்கள்" என்றார் காவலர். அந்தப் பாட்டையே எடுத்தேன். இப்போதெல்லாம் கீபோர்டின் வேகத்தில் அனுபல்லவியை விழுங்கிவிடுகிறோம்; எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு. ஆச்சி இழுத்துப் பாடுவாள், ஒவ்வொரு சொல்லும் நெஞ்சில் இறங்கும்படி. அப்படியே பாடினேன். முதல் சரணம் முடிந்ததும் காவலர் கையைக் காட்டி நிறுத்தினார். "எங்கள் சபையில் இந்த இடத்தில் மேலே போவோம்" என்று சொல்லிப் பாடிக் காட்டினார். நல்ல கனத்த குரல். அவர் மெட்டில் ஒருமுறை, என் மெட்டில் ஒருமுறை என்று சேர்ந்து பாடி முடித்தோம்.

மாலையில் பஸ் நிலையத்திலிருந்து அம்மாவை அழைத்து நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவர்கள் மேலே போகட்டும். ஆச்சி கீழே இறங்கித்தான் பாடுவாள், நீ அதை மாற்றிவிடாதே" என்றாள். எனக்குச் சந்தேகம் வரக் கூடாதென்று, போனிலேயே எல்லாச் சரணங்களையும் பாடினாள்.