150 மி.மீ. டாப்சோனியனில் இரட்டை விண்மீன்கள்: பிரித்துப் பார்த்ததும் அளந்து பார்த்ததும்

கருவி 150 மி.மீ. விட்டம், 1200 மி.மீ. குவியத் தூரம் கொண்ட நியூட்டன் வகைத் தொலைநோக்கி. டாப்சோனியன் தாங்கி, மோட்டார் கிடையாது, கையால்தான் தள்ள வேண்டும். ஐபீஸ்கள் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்கள்) 25, 10, 6 மி.மீ., கூடவே உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கும் 2 மடங்கு பார்லோ லென்ஸ் ஒன்று. இவற்றால் 48, 120, 200, 240 மடங்கு உருப்பெருக்கம் கிடைக்கிறது. இடம் சென்னையின் அட்சரேகையில் ஒரு மொட்டை மாடி, சுற்றிலும் தெருவிளக்கு. நெபுலாவும் காலக்ஸியும் இந்த வானத்தில் கரைந்துபோகும். இரட்டை விண்மீன்கள், அதாவது வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து தொலைநோக்கியில் இரண்டாகப் பிரிபவை (பிரகாசமானது முதன்மை, மங்கலானது துணை), பிரகாசமான புள்ளிகள் என்பதால் விளக்கொளி அவற்றைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. நகரத்தில் இருப்பவர்கள் தயங்காமல் இறங்கக்கூடிய துறை இது.

இடைவெளிகளை எல்லாம் விகலையில் தருகிறேன்: ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. டாஸ் விதிப்படி 116-ஐ மி.மீ. விட்டத்தால் வகுத்தால் பிரிக்கக்கூடிய மிகக் குறைந்த இடைவெளி வரும். 150-க்கு அது 0.77 விகலை. இரண்டும் ஏறத்தாழ சம பிரகாசத்தில் இருந்து, காற்றும் அசையாமல் நிற்கும் இரவுக்கான எண் அது. செய்து பார்த்ததில், அந்த எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறோம் என்பதைக் கண்ணாடியின் விட்டத்தைவிட அதிகமாக மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: சூடு, விண்மீன் நிற்கும் உயரம், பார்க்கும் நேரம்.

முதலில் சூடு

மாடித் தளம் பகல் வெயிலை உறிஞ்சி வைத்துக்கொண்டு நள்ளிரவு வரை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். மண் தரையோ புல் தரையோ கிடைத்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். மாடிதான் வழி என்றால் இரவு 11 மணிக்கு மேல் நெருக்கமான ஜோடிகளை எடுப்பது நல்லது; அதுவரை அகன்ற ஜோடிகளைப் பார்க்கலாம்.

குழாய்க்குள் இருக்கும் சூட்டைக் கண்டுபிடிப்பது எளிது. 120 மடங்கில் பிரகாசமான விண்மீன் ஒன்றைக் குவியத்திலிருந்து சற்று விலக்குங்கள். பெரிதாகும் வட்டுக்குள் ஒரு பக்கமாகப் புகை எழுவதுபோல் மெல்ல நெளிந்தால் சூடு குழாயினுள் இருக்கிறது. வட்டின் மேல் ஆற்று நீர்போல ஒரே திசையில் வேகமாக ஓடினால் அது மேல்காற்று. அதற்கு நம்மால் ஆவது ஒன்றுமில்லை. உள்சூட்டுக்கு மருந்து, கண்ணாடியின் பின்புறம் 80 மி.மீ. அளவுள்ள 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன். அதை ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் அதிர்வு 200 மடங்கில் விண்மீனைக் கோடாக இழுத்துவிடும். நான்கு மூலைகளிலும் ரப்பர் பேண்ட் மாட்டித் தொங்கவிட்டால் அதிர்வு வராது. முக்கால் மணி நேரம் ஓடினால் போதும்.

ஏசி அறையில் வைத்திருந்த குழாயை நேராக வெளியே கொண்டுவராதீர்கள். கடலோர ஈரக்காற்று பட்டதும் கண்ணாடி முழுவதும் நீர்த்துளி படிந்துவிடும். துடைத்தால் பூச்சு கீறும். சாயங்காலமே ஏசி இல்லாத அறைக்கு மாற்றி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

அதன்பின் கொலிமேஷன், அதாவது கண்ணாடிகளை ஒரே அச்சில் நேராக்குவது. லேசர் காட்டுவதை மட்டும் நம்பாமல் விண்மீனிலேயே சரிபார்க்க வேண்டும். 240 மடங்கில் கூர்மையாகக் குவித்தால் குட்டி வட்டும் அதைச் சுற்றி மெல்லிய வளையமும் தெரியும். வளையம் ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தால் கொலிமேஷன் விலகியிருக்கிறது. துணை விண்மீன் அந்தத் தடித்த பக்கத்தில் இருந்துவிட்டால் கண்டுபிடிக்கவே முடியாது. வட்டு முக்கோணமாகத் தெரிந்தால் கண்ணாடியைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் இறுக்கமாக இருக்கின்றன. ஒரு தாள் நுழையும் அளவுக்குத் தளர்த்துங்கள்.

அகலத்திலிருந்து நெருக்கத்துக்கு

எத்தனை மடங்கு போட வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: 240-ஐ இடைவெளியால் வகுக்க வேண்டும். கண்ணுக்குச் சுமார் 4 கலை இடைவெளி இருந்தால்தான் இரண்டு புள்ளிகள் சிரமமின்றித் தனித்தனியே தெரியும் என்பது இதன் அடிப்படை. 35 விகலை இடைவெளியுள்ள அல்பிரியோவுக்கும் 14 விகலையுள்ள வசிட்டருக்கும் 48 மடங்கே தாராளம். திருமணத்தில் காட்டும் அருந்ததி, வசிட்டருக்குப் பக்கத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரிவது. தொலைநோக்கியில் வசிட்டரே இரண்டாகப் பிரிவதை அருந்ததியோடு ஒரே பார்வைப் புலத்தில் பார்க்கலாம். அனுஷத்தின் பீட்டா விருச்சிகமும் ஏறத்தாழ இதே இடைவெளிதான்.

அடுத்த படி, புனர்பூசத்தின் காஸ்டர் 5.5, சிம்மத்தின் அல்ஜீபா 4.7. கணக்குப்படி 48 மடங்கில் இவை விளிம்பில் நிற்கும். 120 மடங்கில் அழகாகப் பிரியும். அல்ஜீபாவின் இரு பொன்னிறப் புள்ளிகளை எத்தனை இரவு பார்த்தாலும் சலிக்காது. அதற்கும் கீழே எப்சிலான் லைரா: ஒவ்வொரு ஜோடியும் 2.3 விகலை அளவில், இரு ஜோடிகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசையில். 120 மடங்கில் ஒன்று பிரிந்து மற்றொன்று பிரியாமல் நின்றால் காற்றையோ கொலிமேஷனையோ சந்தேகியுங்கள். சீட்டா கேன்சரின் நெருங்கிய ஜோடி 1.1 விகலை. அதற்கு 240 மடங்கும் நல்ல காற்றும் வேண்டும். குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே ஓடும் ஜெட் காற்று நமக்கு வெகு வடக்கே இருப்பதால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு வரும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்கள் இதற்கு ஏற்றவை.

கேட்டையும் சிரியஸும்

சமமற்ற ஜோடிகள் தனி வகுப்பு. விருச்சிகத்தின் கேட்டைக்கு 2.6 விகலை தொலைவில், மேற்குப் பக்கத்தில், 5.4 ஒளித்தரமுள்ள (எண் கூடக் கூட மங்கல்) துணை இருக்கிறது. முதன்மை விண்மீன் சுமார் ஐம்பது மடங்கு பிரகாசம். லண்டனில் கேட்டை 12 பாகைக்கு மேல் ஏறாது. சென்னையில் 50 பாகையைத் தொடும். ஐரோப்பியக் கையேடுகள் இதைக் கடினம் என்று எழுதுவதற்குப் பாதிக் காரணம் அந்த உயரம்தான்.

கேட்டைக்குச் சிறந்த நேரம் பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் வரும் விடியற்காலை. அப்போது அது தெற்கு உச்சியில் நிற்க, கிழக்கு வெளுக்கத் தொடங்கும். வானம் வெளுக்க வெளுக்க முதன்மையின் கண்கூச்சம் குறைந்து துணை தனியே எழும்பி வரும். கட்டடமும் தரையும் குளிர்ந்திருப்பதால் காற்றும் அந்நேரம் அடங்கியிருக்கும். 200 மடங்கு போட்டு, முதன்மை மேற்கு நோக்கி நகரும் திசையைப் பாருங்கள். துணை அந்தத் திசையில் முன்னே போகும். பக்கத்து ஆரஞ்சு நிறத்தின் முன்னால் அது பச்சையாகத் தெரியும்.

சிறிய கண்ணாடியைத் தாங்கும் நான்கு தகடுகளால் ஒவ்வொரு விண்மீனுக்கும் நான்கு கூர்க்கதிர்கள் வரும். துணை அவற்றில் ஒன்றின் மேல் விழுந்தால் மறைந்துவிடும். கறுப்பு அட்டையில் 75 மி.மீ. பக்கமுள்ள அறுகோணத் துளை வெட்டிக் குழாயின் வாயில் மாட்டினால் அறுகோணத்தின் ஆறு கதிர்கள் வரும், அவற்றுக்கிடையே இருட்டுப் பகுதிகள் கிடைக்கும். துணை இருட்டில் விழும்வரை அட்டையைச் சுற்றுங்கள். தகடுகளின் நான்கு கதிர்கள் அப்போதும் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். டாப்சோனியன் தாங்கியில் புலம் தானே சுழலும் என்பதால், துணை அவற்றில் ஒன்றின் மேல் இருந்தால் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்க்கலாம்.

சிரியஸின் துணை இதைவிடப் பெரிய சவால். 50 ஆண்டுச் சுற்றில் 2020-களின் முற்பகுதியில்தான் 11 விகலை என்ற உச்ச இடைவெளியை எட்டியது. இனி மெல்லச் சுருங்கும். ஆனால் ஒளி வேறுபாடு கிட்டத்தட்ட பத்தாயிரம் மடங்கு. 1862-ல் ஆல்வன் கிரகாம் கிளார்க் முதன்முதலில் இதைப் பார்த்தது 18.5 அங்குல லென்ஸில். நமக்கு ஒத்திகை தருவது ரைகல்: அதன் துணை 9.5 விகலையில், 6.8 ஒளித்தரத்தில் இருக்கிறது. ரைகலின் துணை 120 மடங்கில் அசையாமல் தெரியாத இரவில் சிரியஸ் பக்கம் போவது வீண். தெரிந்தால், மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம்வரை மாலை மங்கும் நேரத்தில், சிரியஸ் சென்னையில் 60 பாகை உயரத்தில் நிற்கும்போது முயலலாம். சிரியஸைப் புலத்துக்குச் சற்று வெளியே நகரவிட்டு, பின்தொடர்ந்து வரும் பக்கத்தில் தேட வேண்டும்.

தெற்கே தாழ்வாக

ஆல்பா சென்டாரி இரட்டை என்று முதலில் கண்டது புதுச்சேரியிலிருந்துதான். 1689 டிசம்பரில், ரிஷோ என்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி அங்கே ஒரு வால்விண்மீனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இதைக் கவனித்தார். இதே கடற்கரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல இலக்கு கிடையாது. 2016-ல் 4 விகலையாகச் சுருங்கியிருந்த இடைவெளி இப்போது அதன் இரு மடங்கைத் தாண்டிவிட்டது.

சிக்கல் உயரம். சென்னையில் உச்சியிலேயே 16 பாகைதான், கன்னியாகுமரியில் 21. 16 பாகையில் காற்று முப்பட்டகம்போல வேலை செய்து, ஒவ்வொரு விண்மீனையும் சுமார் 3 விகலை நீளத்துக்கு மேலிருந்து கீழாக நிறப்பட்டையாக்கிவிடும். கண்ணாடியில் கோளாறு என்று இதைத் தவறாக எண்ண வேண்டாம். நிறக்கோடு எப்போதும் தொடுவானத்துக்குச் செங்குத்தாக இருப்பதே அடையாளம். பச்சை ஃபில்டர் போட்டால் கோடு குறுகிப் புள்ளியாகும். இவ்வளவு பிரகாசத்தில் ஒளியிழப்பு தெரியாது. 120 மடங்குக்கு மேல் போவதில் பயனில்லை. 4 விகலையுள்ள ஆக்ரக்ஸுக்கும் இதே வழிதான், ஆனால் அது இன்னும் 2 பாகை தாழ்வு.

அளத்தல்

12.5 மி.மீ. குறுக்குக் கம்பி ஐபீஸைப் பார்லோவோடு மாட்டினால் 192 மடங்கு. தொலைநோக்கியைத் தொடாமல் விட்டு, விண்மீன் ஒரு கம்பியின் மேலேயே ஓடும்வரை ஐபீஸைத் திருப்புங்கள்; அது கிழக்கு மேற்கு. மற்ற கம்பியை முதன்மை கடக்கும் நேரமும் துணை கடக்கும் நேரமும் வேண்டும். ஸ்டாப்வாட்சைவிட, போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு இரு முறையும் நாக்கைச் சொடுக்கி, பிறகு கணினியில் ஒலியலையைப் பார்த்து அளப்பது துல்லியம்.

நேர வேறுபாட்டை 15.04-ஆலும் நடுவரை விலக்கத்தின் (வான நடுவரையிலிருந்து விண்மீன் விலகியிருக்கும் கோணம்) கொசைனாலும் பெருக்கினால் கிழக்கு மேற்கு இடைவெளி வரும். அதைத் திசைக்கோணத்தின் (முதன்மையிலிருந்து துணை இருக்கும் திசை, வடக்கிலிருந்து கிழக்காக அளப்பது) சைனால் வகுத்தால் முழு இடைவெளி. அல்பிரியோவுக்குக் கோணம் 54 பாகை, விலக்கம் 28 பாகை. 35 விகலை என்றால் 2.13 விநாடி வர வேண்டும். கை 0.1 விநாடி தவறினால் இடைவெளியில் 1.6 விகலை தவறும். 25 முறை எடுத்துச் சராசரி பார்த்தால் பிழை 0.3-க்கு இறங்கும். காஸ்டருக்கு இதே கணக்கு 0.33 விநாடிதான் தரும், ஆகவே 10 விகலைக்குக் கீழே இந்த முறை வேண்டாம். துணை நேர் வடக்கிலோ தெற்கிலோ இருந்தாலும் வேண்டாம். இரண்டும் ஒரே கணத்தில் கம்பியைக் கடந்துவிடும்.

நெருக்கமானவற்றுக்குக் கேமரா. 3.75 மைக்ரான் பிக்சலுள்ள சிறிய கோள் கேமராவைப் பார்லோவோடு மாட்டினால் ஒரு பிக்சல் ஏறத்தாழ 0.32 விகலை. 10 மில்லிவிநாடி எக்ஸ்போஷரில், மோட்டார் இல்லாமலேயே ஜோடியைக் கேமராச் சில்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடவிட்டு வீடியோ எடுங்கள். ஓடிய பாதை கிழக்கு மேற்கைத் தரும். ஓடிய பிக்சலும் எடுத்த நேரமும் அளவுகோலை, அதாவது ஒரு பிக்சலுக்கு எத்தனை விகலை என்பதைத் தரும். மோட்டார் இல்லாதது இங்கே குறையே அல்ல. பிறகு கூர்மையான படங்களை மட்டும் பொறுக்கி, ரெடுக் என்ற இலவச மென்பொருளில் கோணமும் இடைவெளியும் எடுக்கலாம். பார்லோவின் பெருக்கம் கேமரா அமரும் ஆழத்தைப் பொறுத்து மாறும். அச்சிட்ட 2-ஐ நம்பாமல் ஒவ்வொரு இரவும் அளவுகோலைப் புதிதாக எடுக்க வேண்டும்.

இதில் கவனம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. மதராஸ் வானாய்வகத்தின் கேப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப், 70 ஒபியூச்சி ஜோடியின் அளவுகள் சுற்றுப்பாதையிலிருந்து விலகுவதைக் கண்டு, அங்கே ஒரு கோள் இருக்கக்கூடும் என்று 1855-ல் எழுதினார். அப்படியொரு கோள் இல்லை என்று பின்னால் தெரிந்தது. சராசரி எடுத்தால் கைத்தடுமாற்றம் குறையும். அளவுகோலிலேயே உள்ள பிழை குறையாது.

அடுத்து எடுக்கப்போவது அதே 70 ஒபியூச்சி. 88 ஆண்டுச் சுற்று, இடைவெளி 6 விகலைக்கு மேல், அதாவது இந்த அமைப்பில் சுமார் 20 பிக்சல். சென்னையில் 79 பாகை உயரம் ஏறும் என்பதால் நிறப்பட்டைத் தொல்லை இல்லை. குறிப்பேட்டில் தசம ஆண்டு, கோணம், இடைவெளி, எத்தனை ஓட்டங்களின் சராசரி, அவற்றின் சிதறல், அன்றைய அளவுகோல், உயரம், காற்றின் நிலை ஆகியவற்றுக்குக் கட்டம் போட்டாயிற்று. மே, ஜூன் இரவுகளில் மேகம் விலகும்போது எடுக்க வேண்டும்.