வழுக்கும் நூல்

5 அக்டோபர் 2024, சனி

விடியுமுன்னே முட்டுக்காடு கழிமுகத்தில் நின்றேன். முகத்துவாரம் இன்னும் ஒடுங்கித்தான் கிடக்கிறது. மழைத்தண்ணீர் இறங்கினால்தான் மணல்திட்டு உடையும். ஆறு மணிக்குச் சற்று முன்னால் ஒரு கொடுவா மீன் தூண்டிலை எடுத்தது. ஒரே அடி. அடுத்த நொடி முழு உடம்பும் தண்ணீருக்கு மேலே எழும்பி, செவுளை விரித்துத் தலையை உதறியது. நாலு கிலோவுக்குக் குறையாது. மூன்றாவது உதறலில் ராடு நிமிர்ந்துவிட்டது.

நூலைச் சுற்றி எடுத்துப் பார்த்தேன். நுனி பிய்ந்திருக்கவில்லை. பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தது. பக்கத்தில் வலையை உதறிக்கொண்டிருந்த கோவளத்து அண்ணன் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "அறுந்துச்சா தம்பி, கழண்டுச்சா?"

கழண்டுதான் போயிருக்கிறது. நூல் பிழைத்துக்கொண்டது, முடிச்சு போய்விட்டது. அந்த மீன் இப்போது வாயில் என் முள்ளோடு அலைகிறது. அறுந்திருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

6 அக்டோபர், ஞாயிறு

போன மாதம்தான் தங்கூஸிலிருந்து, அதாவது ஒற்றை நைலான் நூலிலிருந்து, ப்ரெய்டு என்கிற பின்னல் நூலுக்கு மாறினேன். எட்டு இழை பின்னல், தடிமன் எண் பி.ஈ. 1.5, அதாவது 0.205 மில்லிமீட்டர். டப்பாவில் 20 பவுண்டு என்று போட்டிருக்கிறது, ஏறக்குறைய ஒன்பது கிலோ. இதே பலத்துக்குத் தங்கூஸ் இரண்டு மடங்கு தடிமனாக இருக்கும். நூல் மெலிந்தால் வீச்சு தூரம் போகும். இழுபடும் தன்மையும் மிகக் குறைவு என்பதால், மீன் இரையை முகர்ந்தால்கூட விரலுக்குத் தெரியும். மாறியதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் முடிச்சை மாற்றவில்லை. அப்பா எண்ணூரில் கற்றுக்கொடுத்த முடிச்சையே போட்டேன்: முள்ளின் கண்ணில் நுழைத்து, தாய் நூல்மேல் ஐந்து சுற்று, நுனியைத் திரும்ப அடி வளையத்துக்குள் விட்டு, எச்சில் தொட்டு இழுப்பது. கட்டையில் சுற்றிய தங்கூஸில் அப்பா போட்ட அந்த முடிச்சு ஒருமுறைகூடக் கழண்டு நான் பார்த்ததில்லை.

இன்று மாலை வீட்டில் சோதித்தேன். ஜன்னல் கம்பியில் முள்ளை மாட்டி, நூலின் மறுமுனையை ஒரு கட்டையில் பல சுற்று சுற்றி, கட்டையைப் பெட்டி நிறுக்கும் கைத்தராசில் கோத்து இழுத்தேன். ஐந்து முறை கட்டினேன். நாலு முறை நாலு கிலோவைத் தாண்டுவதற்குள் நழுவியது. நழுவும்போது சத்தமே இல்லை, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போகிறது. ஐந்தாவது முறை ஆறு கிலோ வரை நின்றது. அதை ஏன் என்று யோசித்துக்கொண்டே தூங்கப் போகிறேன்.

8 அக்டோபர், செவ்வாய்

ஐந்தாவது முடிச்சில் தெரியாமல் ஏழு சுற்று போட்டிருக்கிறேன். ஞாயிறு இரவே பூதக்கண்ணாடியில் எண்ணிவிட்டேன், எழுத நேரம் வாய்க்கவில்லை.

துள்ளுகிற காளையை ஒரு ஆள் நேராக இழுத்துப் பிடிக்க முடியாது. அதே கயிற்றை மரத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டால் ஒற்றைக் கையால் பிடிக்கலாம். ஒவ்வொரு சுற்றும் பிடிமானத்தைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது. கணித மேதை ஆய்லர் எழுதிவைத்த கணக்கு இது. எவ்வளவு பெருக்கும் என்பது உராய்வைப் பொறுத்தது. நைலானுக்கு உராய்வுக் கெழு 0.2 என்று வைத்தால், ஒரு முழுச் சுற்று பிடிமானத்தை மூன்றரை மடங்காக்கும். ப்ரெய்டுக்கு 0.06 என்று வைத்தால் ஒன்றரை மடங்குகூட வராது. நைலானில் ஒரே சுற்றில் கிடைப்பதற்கு இதில் மூன்றுக்கு மேல் சுற்ற வேண்டும்.

இந்த நூல் பாலிஎத்திலீன். பிளாஸ்டிக் பைக்கு ஆகிற அதே குடும்பம்தான். ஆனால் மூலக்கூறுச் சங்கிலிகள் மிக மிக நீளமானவை, எல்லாம் ஒரே திசையில் இழுத்து நிறுத்தப்பட்டவை. பலம் அதனால் வருகிறது. மேற்பரப்பில் எதுவும் ஒட்டாத வழவழப்பும் இதே பாலிஎத்திலீனின் குணம். பலத்துக்காக இதை வாங்குகிறவர் வழுக்கலையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். கடையில் இதை யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

15 அக்டோபர், செவ்வாய்

வடகிழக்குப் பருவமழை இன்று தொடங்கிவிட்டது. காலையிலிருந்து கொட்டுகிறது, பள்ளிகளுக்கெல்லாம் விடுமுறை. நாள் முழுக்க முடிச்சுதான்.

பாலோமர் முடிச்சு: நூலை இரட்டையாக மடித்து முள்ளின் கண்ணில் விட்டு, ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போட்டு, மிச்சமிருக்கும் வளையத்துக்குள் முள்ளையே நுழைத்து எடுத்து இறுக்க வேண்டும். கண்ணில் ஒற்றை நூலுக்குப் பதில் இரட்டை நூல் உட்காருகிறது. ஏழு கிலோவுக்கு மேல் நின்றது, ஐந்துக்கு ஐந்து. இருட்டில்கூடக் கட்டலாம். சின்ன முள்ளுக்கும் இரைக்கும் எனக்கு இனி இதுதான். மூன்று கொக்கி தொங்கும் செயற்கை மீனை வளையத்துக்குள் நுழைப்பதுதான் தொல்லை.

யூனி முடிச்சு: நைலானில் ஐந்து சுற்று போதும். இதில் எட்டு. ஆறு போட்டுப் பார்த்தேன், ஊர்ந்தது. எட்டில் ஊரவில்லை.

இறுக்குவதில்தான் இன்று அதிகம் கற்றேன். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக உட்கார வேண்டும். ஈரப்படுத்தி, மெதுவாக, இரண்டு பக்கமும் சமமாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் உரசுகிற சூடு நூலைத் தின்றுவிடும். நைலான் உருக 220 டிகிரியாவது வேண்டும். இது 150-ஐ ஒட்டியே உருகிவிடும். இன்னொன்று, வெறுங்கையில் சுற்றி இழுக்கவே கூடாது. ஆள்காட்டி விரலில் கோடு போட்டதுபோல் வெட்டு. இப்போது பழைய தோல் கையுறை போட்டுக்கொள்கிறேன்.

20 அக்டோபர், ஞாயிறு

மழை விட்டதும் கழிமுகத்துக்குப் போனேன். தண்ணீர் தேநீர் நிறம். மீன் இல்லை. அண்ணனிடம் பாலோமரைக் காட்டினேன். கண்ணால் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் முடிச்சைத் தடவினார். "இங்க ஒரு மேடு இருக்கு பாரு. ஒரு சுத்து மேல ஏறிக்கிச்சு." பூதக்கண்ணாடியில் பார்த்தேன், ஏறித்தான் இருந்தது.

பிறகு என் நூலை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொடுவாக்கு இத நேரா கட்டுனா முடிச்சு நின்னாலும் நூலு நிக்காது தம்பி." கொடுவாவின் செவுள்மூடி ஓரம் கத்திமாதிரி. மெல்லிய பின்னல் அதில் ஒரு உரசலுக்கே போய்விடும். பாலத்துத் தூண்களில் சிப்பி வேறு அப்பிக் கிடக்கிறது. முன்னால் தடித்த நூல் ஒன்று வேண்டும். அதாவது லீடர். அதாவது வழுக்கும் மெல்லிய நூலையும் விறைத்த தடித்த நூலையும் ஒன்றோடொன்று கட்டியாக வேண்டும். இத்தனை நாள் நான் தள்ளிப்போட்ட வேலை இது.

26 அக்டோபர், சனி

ப்ரெய்டையும் லீடரையும் இணைக்கும் எஃப்.ஜி. முடிச்சு. ஒரு வாரமாக இரவு சாப்பாட்டுக்குப் பின் இதுதான்.

இதில் லீடர் முடிச்சாகவே ஆவதில்லை, நேராகக் கிடக்கிறது. ப்ரெய்டுதான் அதன்மேல் ஒரு சுற்று இந்தப் பக்கமிருந்து, ஒரு சுற்று அந்தப் பக்கமிருந்து எனப் பின்னிக்கொண்டு போகிறது. இருபது சுற்று. திருவிழாக் கடையில் பனையோலைப் பின்னல் ஒன்று விற்பார்கள், உள்ளே விரலை விட்டு இழுத்தால் இழுக்க இழுக்க இறுகும். அதே வேலைதான். மடிப்பு இல்லாததால் முடிச்சு ஒல்லியாக இருக்கிறது, வீசும்போது ராடு வளையங்களில் தட்டாமல் போகிறது.

கஷ்டம் ஒன்றே ஒன்று: பின்னும்போது ப்ரெய்டு ஒரு நொடிகூடத் தளரக் கூடாது. ராடைத் தொடைக்கு நடுவில் இடுக்கி, ரீலைப் பூட்டி, நுனியைச் சுண்டுவிரலில் சுற்றி, லீடரை மேலும் கீழும் ஆட்டிப் பின்னுகிறேன். இருபது முடிந்ததும் இரண்டையும் சேர்த்து ஒரு அரைமுடிச்சு, பிறகு கையுறை போட்டு முழு பலத்தோடு இழுப்பு. அப்போது வெளிறிய பச்சைப் பின்னல் சட்டெனக் கருத்து, லீடரைக் கடித்துக்கொண்டு உட்காரும். நிறம் மாறாவிட்டால் முடிச்சு இன்னும் உட்காரவில்லை என்று பொருள். அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுவதுதான் வழி. நிறம் மாறியபின் அரைமுடிச்சுகளைப் பக்கம் மாற்றி மாற்றிப் போட்டு, லீடர் மிச்சத்தை ஒட்ட வெட்டி, தனி ப்ரெய்டின்மேல் இன்னும் சில அரைமுடிச்சுகள்.

முதல் பதினொன்று நழுவின. பன்னிரண்டாவது நின்றது. அதைக் கட்டிய விதம் கைக்கு ஞாபகம் இருக்கவேண்டும் என்று உடனே இன்னும் மூன்று கட்டினேன். மூன்றும் நின்றன.

லீடரின் மறுமுனையில் முள்ளுக்கு அப்பாவின் முடிச்சு. அந்த நூலில் அது அசையவில்லை.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. பிள்ளைகள் பட்டாசு கொளுத்திய ஊதுவத்தி மிச்சமிருந்தது. முடிச்சின் நுனியை அதில் தொட்டு உருண்டையாக்கினால் நழுவாது என்று நண்பர் சொல்லியிருந்தார். செய்தேன். உருண்டை அழகாக வந்தது. தராசில் மாட்டியதும் மூன்று கிலோவில் முடிச்சே அறுந்தது. சூடு நுனியோடு நிற்கவில்லை. இனி நெருப்பு வேண்டாம், இரண்டு மில்லிமீட்டர் நுனி விட்டு வெட்டினால் போதும்.

வெட்டிய துண்டுகளையெல்லாம் ஒரு மருந்துப் புட்டியில் சேர்க்கிறேன். இது மக்காது. கரையில் விட்டால் ஏதாவது பறவையின் காலில் போய்ச் சுற்றும்.

3 நவம்பர், ஞாயிறு

சின்னக் குறிப்பு. ரீலில் கைப்பிடி சுற்றுகிறது, நூல் வரவில்லை. முடிச்சுக் குற்றமில்லை. நூல்கண்டு மொத்தமும் ரீலின் ஸ்பூல் உருளைமேல் வழுக்கிச் சுழல்கிறது. எல்லாவற்றையும் உருவி, அடியில் சில மீட்டர் தங்கூஸ் சுற்றி, அதில் ப்ரெய்டை இரட்டை யூனியால் கட்டினேன், இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் ஐந்து. சரியாகிவிட்டது.

9 நவம்பர், சனி

ஓதம் ஏறும் நேரம், லேசான தூறல். ஆறரைக்குக் கொடுவா எடுத்தது. முந்தையதைவிடப் பெரியது. எழும்பியது, உதறியது, எதுவும் கழலவில்லை. லீடர் முடிச்சு ராடு வளையங்களுக்குள் இரண்டு முறை வந்து போனதை விரல்நுனியில் உணர்ந்தேன். பத்து நிமிடமிருக்கும். கரைக்கு நாலு மீட்டரில் திரும்பித் தூணைச் சுற்றி ஓடியது. ரீலில் நூல் ஓடுவதைத் தடுக்கும் ட்ராக்கை இறுக்கினேன். நூல் லேசானது.

அண்ணன் அங்கேயிருந்தே கேட்டார்: "அறுந்துச்சா, கழண்டுச்சா?"

சுற்றி எடுத்தேன். எஃப்.ஜி. முடிச்சு முழுசாக வந்தது, கருத்து இறுகி, ஒரு சுற்றும் நகராமல். அதற்குக் கீழே ஒரு முழம் லீடர், நுனி சிப்பியில் தேய்ந்து பஞ்சுபோல் வெளுத்திருந்தது.

"அறுந்துச்சு அண்ணே."

வந்து முடிச்சை வாங்கி, கண்ணை மூடி நகத்தால் தடவினார். மேடு எதுவும் அகப்படவில்லை போலும். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அந்தத் துண்டை வெட்டி இந்த நோட்டில் இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

10 நவம்பர், ஞாயிறு

40 பவுண்டு லீடர் அந்தத் தூண்களுக்குப் போதாது. 60 வாங்கி வந்தேன். விறைப்பு அதிகம், பின்னல் கடிப்பது கடினமாகத்தான் இருக்கும். இருபது சுற்றோடு ஒன்று, இருபத்துநாலோடு ஒன்று கட்டிவைத்திருக்கிறேன். பிள்ளைகள் தூங்கியதும் தராசை எடுக்க வேண்டும்.