தமிழ் ஆய்வேட்டை ரைட்டரில் வடிவமைத்த அனுபவம்

சங்க இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்தேன். எழுதி முடித்த பிறகு அதைப் பல்கலைக்கழகம் கேட்கும் ஒழுங்குக்குக் கொண்டுவருவது தனி வேலை. லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்ற இலவச எழுத்துச் செயலியில் அதை நானே செய்தேன். தமிழில் ஆய்வேடு எழுதும் பலருக்கும் இந்தக் கட்டத்தில்தான் கை நடுங்குகிறது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் இரண்டு இயல்களை வெளியே தட்டச்சுக்குக் கொடுத்து வாங்கியிருந்தேன். கோப்பு பாமினி என்ற பழைய வகை எழுத்துருவில் வந்தது. பார்க்கத் தமிழ்தான், ஆனால் எழுத்துருவை மாற்றினால் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துகள் வெளியே வந்துவிடும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில், எந்தத் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றினாலும் தமிழாகவே நிற்கும் யூனிகோடு முறைக்கு மாற்றினேன். மாற்றிய உடனே வேலை முடிந்துவிடாது. இடையில் இருந்த ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும், அவற்றைத் தேடித் தேடித் திருத்த வேண்டும். இன்னொன்று 'ஔ'. பழைய எழுத்துருவில் அடிப்பவர்கள் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்துவிடுவது உண்டு. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் ஔவையாரைத் தேடினால் கிடைக்கமாட்டார். 'ஒளவை' என்று முழுதாகக் கொடுத்து மாற்றுங்கள். 'ஒள' மட்டும் கொடுத்து மொத்தமாக மாற்றினால் 'ஒளி' எல்லாம் கெட்டுப்போகும்.

அடுத்து கன்ட்ரோல் + எஃப்10 அழுத்தினேன். மறைந்திருக்கும் குறிகளெல்லாம் திரையில் தெரியும். இயல் தலைப்பு நடுவில் நிற்பதற்காக ஸ்பேஸ் பாரைத் தட்டிய புள்ளிகள் வரிசையாக நின்றன. புதுப் பக்கம் போவதற்கு என்டரை மட்டுமே தட்டியிருந்தார்கள். இப்படிப்பட்ட கோப்பில் முதல் இயலில் ஒரு வரி சேர்த்தால் பின்னால் உள்ள தலைப்புகள் எல்லாம் நகர்ந்துவிடும். கண்டுபிடித்து மாற்றும் பெட்டியில் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ்' என்பதைத் தேர்ந்துகொண்டு, தேடும் இடத்தில் ^$ கொடுத்து, மாற்றும் இடத்தை வெறுமையாக விட்டால் வெற்றுப் பத்திகள் ஒரேயடியாக நீங்கும்.

இனி ஸ்டைல். எஃப்11 அழுத்தினால் பட்டியல் திறக்கும். ஒவ்வொரு பத்தியும் என்ன வகை, தலைப்பா, உரையா, மேற்கோளா என்று நாம் சொல்லிவிட்டால் போதும், தோற்றத்தை ஸ்டைல் பார்த்துக்கொள்ளும். தமிழ் எழுதுபவர்கள் தடுமாறும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. ரைட்டர் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் எழுத்துருவைத் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. தமிழ் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்ற பிரிவில் வரும். மேலே உள்ள 'வெஸ்டர்ன்' பகுதியில் அளவை மாற்றிவிட்டு, தமிழ் அசையவே இல்லையே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பிரிவே கண்ணில் படாவிட்டால் ஆப்ஷன்ஸில் மொழி அமைப்புக்குப் போய் அதை இயக்க வேண்டும். நான் தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் 12 புள்ளி, ஆங்கிலத்துக்கு டைம்ஸ் நியூ ரோமன் 12 வைத்தேன். வரி இடைவெளி 1.5. 'ஃபிக்ஸ்டு' இடைவெளியைக் குறைவாக வைத்தால் எழுத்தின் தலையும் காலும் வெட்டுப்படும், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நான் அதிக நேரம் செலவிட்டது பாடல் மேற்கோளுக்கு. சங்கப் பாடலின் அடி ஒழுங்கு குலைந்தால் பாடலே குலைந்த மாதிரி எனக்கு. குறுந்தொகை 40ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஐந்து அடி. ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, 'செம்புலப் பெயனீர் போல', மூன்றே சீர். உரைப்பத்திக்கு இருபுறமும் சமன்செய்யும் 'ஜஸ்டிஃபை' போட்டிருந்தால், ஷிஃப்ட் + என்டர் கொடுத்துப் பிரித்த அந்த அடி இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை இழுபட்டு, மூன்று சீரும் மூன்று திசையில் நிற்கும். அதனால் 'பாடல்' என்று தனி ஸ்டைல் உருவாக்கினேன். இடப்பக்க ஒழுங்கு, இருபுறமும் கொஞ்சம் உள்தள்ளல். அடிகளை ஷிஃப்ட் + என்டரால் பிரித்தால் பாடல் முழுவதும் ஒரே பத்தியாக இருக்கும். 'டெக்ஸ்ட் ஃப்ளோ' பகுதியில் பத்தியைப் பிரிக்காதே என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டால், இரண்டு அடி இந்தப் பக்கத்திலும் மூன்று அடி அடுத்த பக்கத்திலும் என்று சிதறாது. பாடல் எண்ணுக்கு வலப்பக்க ஒழுங்கில் இன்னொரு ஸ்டைல். பாடல் ஸ்டைலில் 'கீப் வித் நெக்ஸ்ட் பேரகிராஃப்' கொடுத்தால் எண் மட்டும் தனியாக அடுத்த பக்கத்துக்குப் போகாது. 'நெக்ஸ்ட் ஸ்டைல்' என்ற இடத்தில் பாடலுக்குப் பின் பாடல் எண், அதற்குப் பின் உரை என்று வைத்துவிட்டேன். அதன் பிறகு என்டர் தட்டத் தட்ட ஸ்டைல் தானாக மாறியது. நூற்றுக்கணக்கில் மேற்கோள் உள்ள ஆய்வேட்டில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது செய்தவருக்குத்தான் தெரியும்.

மற்றவை எளிது. இயல் தலைப்புக்கு ஹெடிங் 1 கொடுத்து, அந்த ஸ்டைலிலேயே முன்னால் பக்க முறிவு வைத்தேன். உட்தலைப்புகளுக்கு ஹெடிங் 2. சான்றிதழ், உறுதிமொழி, நன்றியுரைப் பக்கங்களுக்கு ரோமன் எண், இயல் ஒன்றிலிருந்து 1, 2 என்று வர வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிப் பக்க ஸ்டைல் வைத்து, இயல் ஒன்றுக்கு முன்னால் பக்க முறிவு சேர்க்கும்போது எண்ணை 1 என்று கொடுத்தால் சரியாகிவிடும். பைண்டிங்குக்காக இடது ஓரம் 1.5 அங்குலம். தலைப்புகள் முறையான ஸ்டைலில் இருந்ததால் பொருளடக்கம் தானே உருவானது.

அச்சகத்துக்கு பிடிஎஃப் மட்டுமே கொண்டுபோங்கள். மூலக்கோப்பைக் கொடுத்தால், அங்குள்ள கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாதபோது வேறொன்று வந்து உட்காரும், வரிகள் நகரும், பக்க எண்கள் பொருளடக்கத்தோடு ஒத்துப்போகாது. பிடிஎஃப் எடுப்பதற்கு முன் பொருளடக்கத்தின் மேல் வலது சொடுக்கி 'அப்டேட் இண்டெக்ஸ்' கொடுங்கள். நெறியாளர் கடைசி நேரத்தில் ஒரு பத்தி சேர்க்கச் சொன்னால், சேர்த்துவிட்டு மறுபடியும் கொடுங்கள்.