மலையில் பட்டு வரும் அலை சொல்லும் சாட்சி

வேலூரின் கிழக்கே நிற்கும் பாறை மலைகளில் பட்டு, நேரே வரும் அலைக்குச் சற்றுப் பின்னால் வந்து சேரும் ரேடியோ அலையைத் தொல்லையாகவே பலரும் கருதுகிறார்கள். எனக்கோ அதன்மேல் தனி மதிப்பு உண்டு. நாம் எதையும் ஒலிபரப்பாமல், கேட்டுக்கொண்டிருந்தே, ஓர் அலைபரப்பி இருக்கும் இடத்தைக் கண்டறிய அது உதவுகிறது.

காட்பாடியில் ஓர் ஆன்டெனாவை நிறுத்தியிருப்பதாகக் கொள்வோம். பதிவான சமிக்ஞையின் நகலைச் சிறிது சிறிதாக நகர்த்தி அதனோடே பொருத்திப் பார்த்தால், நேரே வந்த அலைக்கும் மலையில் பட்டு வந்த அலைக்கும் உள்ள கால வேறுபாடு வெளிப்படும். அது 10 மைக்ரோ விநாடி என்றால், இரண்டாவது அலை 3 கிலோமீட்டர் கூடுதலாகப் பயணித்திருக்கிறது. மலைக்கும் ஆன்டெனாவுக்கும் இடையிலான தூரத்தை வரைபடத்திலிருந்து எடுத்து அந்த 3 கிலோமீட்டரிலிருந்து கழித்துவிட்டால், மலையையும் ஆன்டெனாவையும் குவியங்களாகக் கொண்ட ஓர் அதிபரவளைவின் (இரு குவியப் புள்ளிகளிலிருந்தும் உள்ள தூரங்களின் வேறுபாடு மாறாதிருக்கும் வளைகோட்டின்) மீதுதான் அலைபரப்பி இருக்க முடியும் என்பது உறுதியாகிறது. இன்னொரு மலையின் அலையும் கிடைத்தால் இரண்டாவது வளைவு கிடைக்கும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தேடலாம்.

துல்லியம் சமிக்ஞையின் அலைவரிசை அகலத்தை, அதாவது அது எடுத்துக்கொள்ளும் அதிர்வெண் பரப்பைப் பொறுத்தது. 10 மெகாஹெர்ட்ஸ் அகலம் இருந்தால் பாதை வேறுபாட்டை ஏறத்தாழ 30 மீட்டர் அளவுக்குப் பிரித்தறியலாம். வாக்கி டாக்கியின் 12.5 கிலோஹெர்ட்ஸுக்கோ அது 24 கிலோமீட்டராகிவிடும். மேலும், மலை ஒரே புள்ளியாக நின்று அலையைத் திருப்புவதில்லை. பாறைச் சரிவு முழுவதிலிருந்தும் அலைகள் சிதறி வருவதால் கால வேறுபாடும் மங்கலாகவே தெரியும்.

கடல் அதைவிடச் சீரான கண்ணாடி. 1946ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சிட்னி நகரின் டோவர் ஹைட்ஸ் கடற்பாறை உச்சியில், போர்க்கால ரேடார் ஆன்டெனாவைக் கொண்டு ரூபி பெய்ன்-ஸ்காட், ஜோசப் பாசி, மெக்ரெடி ஆகியோர் உதிக்கும் சூரியனின் ரேடியோ அலைகளைப் பதிவு செய்தனர். நேரே வந்த அலையும் கடல்மேல் பட்டு வந்த அலையும் ஒன்றையொன்று வலுப்படுத்தியும் குலைத்தும் உண்டாக்கிய ஏற்ற இறக்கங்களிலிருந்து, அந்த வலிய கதிர்வீச்சு சூரியனின் முழு வட்டிலிருந்தும் அல்லாமல் பெரும் கரும்புள்ளிக் கூட்டம் ஒன்றின் பகுதியிலிருந்து வருவதை அவர்கள் காட்டினர். உலகின் முதல் பெண் ரேடியோ வானியலாளர்களில் ஒருவரான பெய்ன்-ஸ்காட்டின் பெயரை நம் மாணவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

கிழக்கு நோக்கிய அந்த உச்சியிலிருந்து உதயம் மட்டுமே தெரியும் என்பதால், அங்கே ஆய்வு செய்துவந்த ஜான் போல்டனும் கோர்டன் ஸ்டான்லியும் 1948இல் நியூசிலாந்துக்குச் சென்று, விண்ணிலிருந்து ரேடியோ அலைகளை அனுப்பும் மூலங்கள் மேற்குக் கடலில் மறைவதையும் பதிவு செய்தனர். மறு ஆண்டே, ரிஷப ராசியின் ரேடியோ மூலம், வெடித்துச் சிதறிய விண்மீனின் எச்சமான நண்டு நெபுலாதான் என்று புரூஸ் ஸ்லீயும் அவ்விருவரும் சேர்ந்து இனங்கண்டனர்.