நீலகிரி நெட்டைக்காலிக்கு வாழிட மேப் போட்ட அனுபவம்

நீலகிரி நெட்டைக்காலி எங்கெல்லாம் வாழ முடியும்னு மேக்ஸென்ட்ல (ஒரு உயிரினம் பதிவான இடங்களோட சூழல வச்சு, வேற எங்க வாழலாம்னு கணிக்கிற மென்பொருள்) மாடல் போட்டு முடிச்சேன், இதே மாதிரி வேலைல இறங்குறவங்களுக்கு உதவும்னு எழுதுறேன். மேற்குத் தொடர்ச்சி மலையோட தெக்குப் பக்கம், உச்சிப் புல்வெளில மட்டும் இருக்கிற பறவை இது, உலகத்துல வேற எங்கயும் கிடையாது, உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் பட்டியல்ல அழிவாய்ப்பு இனம்.

மாடல ஓட்டுறது பெரிய விஷயமே இல்ல, டேட்டாவ சுத்தம் பண்றதுலதான் உயிர் போகும். பறவை பாக்குறவங்க பாத்தத லிஸ்ட்டாப் போடுற ஈபேர்ட் தளத்துல இருந்துதான் பதிவுகள எடுத்தேன், அதுல அஞ்சு கிலோமீட்டர் நடந்து போட்ட லிஸ்ட்டுக்கும் ஒரே ஒரு புள்ளிதான், பறவை புல்லுல இருந்திருக்கும், புள்ளி தேயிலைத் தோட்டத்துல விழுந்திருக்கும். அதனால ஒரு கிலோமீட்டருக்கு மேல நடந்த லிஸ்ட்ட எல்லாம் தூக்கிட்டேன். வயல் நெட்டைக்காலியோட குழப்பம் வேற, சந்தேகமா இருந்த பதிவுக்கு போட்டோ இருந்தா விலாவுல கோடு இருக்கான்னு பாத்துட்டுதான் சேத்தேன்.

அப்புறம் பாத்தா புள்ளி எல்லாமே ரோட்டோரமும் டூரிஸ்ட் போற இடமுமாத்தான் இருக்கு. அப்படியே விட்டா மாடல் பறவைய விட்டுட்டு மனுஷன் நடமாட்டத்தத்தான் கத்துக்கும், அதுக்காக பேக்ரவுண்ட் புள்ளிய (பறவை இருக்கிற இடத்தோட ஒப்பிட்டுப் பாக்க மாடலுக்குக் குடுக்கிற புள்ளி) கண்ட இடத்துல எடுக்காம, அதே மலைல மத்த பறவைகள பதிவு பண்ண இடங்கள்ல இருந்து எடுத்தேன்.

முக்கியமான விஷயம் இதுக்கப்புறம்தான். வேர்ல்ட்க்ளிம்ங்கிற கிளைமேட் டேட்டால கிடைக்கிறது 1970ல இருந்து 2000 வரைக்குமான வெப்பம், மழையோட சராசரி, ஒரு கட்டம் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர், அதுக்குள்ள சோலை, புல்லு, தேயிலை, வெளிநாட்டுல இருந்து வந்து பரவுற வாட்டில் மரம் எல்லாம் அடங்கிடும். கிளைமேட்ட மட்டும் வச்சு ஓட்டினா மலை உச்சி முழுக்க பறவைக்குத் தோதான இடம்னு மேப்ல சிவப்பா வந்து நிக்குது, வாட்டில் அடர்ந்து புல்லே இல்லாமப் போன இடம் உட்பட! குளிரும் மழையும் சரியா இருந்து என்ன பிரயோஜனம், இது புல்லுக்குள்ள தரையில கூடு கட்டுற பறவையாச்சே. அதனால சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்துல புல்லத் தனியாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் எத்தன சதவீதம் புல்லுன்னு ஒரு லேயர் போட்டேன். ஜனவரி, பிப்ரவரி படம்தான் கைகொடுத்துச்சு, உறைபனில புல்லு கருகி பழுப்பா நிக்கும், வாட்டில் பச்சையாவே இருக்கும், பளிச்சுனு பிரிஞ்சிடும். அந்த லேயர் உள்ள போனதும் சிவப்பு சுருங்கி சின்னச் சின்ன துண்டாயிடுச்சு, பாக்கவே மனசு கனத்துப் போச்சு.

மாடல சோதனை பண்ணும்போது, பழக்க ஒரு பங்கு, சோதிக்க ஒரு பங்குன்னு புள்ளிகள சும்மா குலுக்கிப் பிரிக்காதீங்க, பக்கத்துப் பக்கத்துப் புள்ளி ரெண்டு பக்கமும் போய் ஏயூசி (மாடல் எவ்வளவு நல்லாக் கணிக்குதுன்னு சொல்ற மார்க்) பிரமாதமா வரும், அத நம்ப முடியாது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்க இருக்கிற புள்ளிய வச்சு பழக்கி, தெக்க ஆனைமலைப் பக்கம் சோதிச்சேன், மார்க் குறைஞ்சுது, ஆனா நான் நம்புறது அந்த மார்க்கதான்.

மலை மேல போற பறவை பாக்குறவங்க ஒரு உதவி பண்ணுங்க, புல்வெளிக்குள்ள நுழைஞ்சதும் பழைய லிஸ்ட்ட முடிச்சுட்டு புதுசா சின்னதா ஒண்ணு ஆரம்பிங்க, நெட்டைக்காலி கண்ணுல படலன்னாலும் பாத்த மத்த பறவைகளோட முழு லிஸ்ட்டாப் போடுங்க, அதுவும் மாடலுக்கு ரொம்ப தேவைப்படுது.